முகங்கள் போன வரிசை

சி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. மற்றவர்கள் பத்து வரியில் செய்வதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அந்த இரண்டையும் ஒன்றாக்க முடியுமா என்று யோசித்தபடியே பல் தேய்ப்போம். எனக்கு அந்தக் கர்வம் கொஞ்சம் அதிகம். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. தமயந்தி எழுதினால் ஓர் அரைப்புள்ளிகூட வெட்டியாக நிற்காது என்று ஆபீசில் கேலி செய்வார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் சரவணம்பட்டி தாண்டி எங்கள் கம்பெனி. 'வதனா' என்ற சில்லைச் செய்கிறோம். தலையில் அடிபட்ட சிலருக்கு முகங்களை அடையாளம் காணும் சக்தி மட்டும் போய்விடும். கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் பார்த்தால் யாரென்று தெரியாது. பெற்ற அம்மாவும் பெட்ரோல் பங்க் ஆளும் ஒன்றுதான். காதுக்குப் பின்னால் வதனாவை வைத்துவிட்டால், எதிரே இருக்கும் முகத்தை அரை நிமிடம் பார்த்ததும் அது பதிந்துகொள்ளும். அடுத்த முறை அந்த முகம் வந்தால் 'இவர் இன்னார்' என்று மூளைக்குத் தட்டிச் சொல்லும்.

மொத்தம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு முகங்களுக்கு இடம். இடம் நிரம்பிய பிறகு புது முகம் வந்தால், ரொம்ப நாளாகக் கண்ணில் படாத முகம் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே புதியதை வைக்கும். அந்தப் பகுதியை எழுதியவள் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வரவேற்பறையில் ஓர் அம்மா இரண்டு நாளாக உட்கார்ந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். நிரல் எழுதுகிறவர் யாராவது ஒருவரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறாராம். போனேன். ஐம்பது வயது இருக்கும். மடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போல நாற்பது பக்க நோட்டு.

"எம்பேரு கோகிலவாணிங்க. எங்க வீட்டுக்காரரு சென்னியப்பன், சூலூர் பஸ்ல கண்டக்டரு. அஞ்சு வருசத்துக்கு முன்னால ஆக்சிடெண்ட் ஆகி உங்க மிஷின வெச்சோமுங்க. நல்லாத்தான் இருந்தாரு. வேலைக்கே போனாரு. இப்ப ஐப்பசியில இருந்து என்னையத் தெரியலீங்க."

"கஸ்டமர் கேர்ல சொன்னீங்களா?"

"மூணு தடவ போன் பண்ணிப்போட்டனுங்க. வியாதி முத்திப்போச்சுங்கறாங்க. முத்துனா எல்லாருந்தானுங்க மறந்து போகோணும்? சூலூர்ல ஏறி ஒண்டிப்புதூர்ல எறங்கற வாத்தியாரத் தெரியுது. தெனம் பூக்கூடையோட வர்ற அம்மாவத் தெரியுது. கட்டுன பொண்டாட்டியத் தெரியலீங்கறாரு."

நோட்டைப் பிரித்துக் காட்டினார். யார் யாரை எப்போது மறந்தார் என்று எழுதி வைத்திருந்தார். முதலில் கோகிலா. இரண்டாவது, சென்னியப்பனின் தம்பி. மூன்றாவது டிரைவர் பழனிச்சாமி, போன வாரம். அவ்வளவுதான். ஐப்பசியில் மனைவியை மறந்த அன்றே மனிதர் பயந்துபோய் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டை விட்டு இறங்குவதில்லை.

"புதன்கிழம எங்க பொண்ணுக்குக் கல்யாணமுங்க," என்றார். "தாரணின்னு பேரு. ஒரே புள்ள. மண்டபத்துல ஆயிரம் பேரு வருவாங்க. இவரு ஏதாச்சும் ஏறுமாறாப் பேசிப்போட்டா என்ன பண்றதுன்னுதான் வந்தேன்."

அந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று மாலைவரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிழை கண்டுபிடிக்கிற வேலையில் வரிசை என்பது பெரிய துப்பு. ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்து, சில்லு வைத்த நான்கு நாட்களில் அவர் கட்டிலுக்கு யார் யார் வந்தார்கள் என்று பார்த்தேன். முதலில் மனைவி. பிறகு தம்பி. பிறகு டிரைவர் பழனிச்சாமி. நோட்டில் இருந்த அதே வரிசை.

முதலில் பதிந்தவர்கள் முதலில் போகிறார்கள். அப்படி நடக்கவே கூடாது. தினமும் கண்ணில் படுகிற மனைவியின் முகத்துக்கு, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் 'கடைசியாகப் பார்த்த நேரம்' புதுப்பிக்கப்பட வேண்டும். அப்படி நான் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை ஆபீசில் யாரும் இல்லை. சில்லின் மாதிரியைக் கணினியில் ஓட்டி, இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு முகங்களையும் நிரப்பினேன். ஆட்களுக்குக் கொடுக்கிற அதே ரிலீஸ் நிரல். நேரத்தைப் புதுப்பிக்கிற வரியில் நிற்கும்படி, பிழை தேடும் டீபக்கரில் ஒரு நிறுத்தக்குறி போட்டுவிட்டு ஓட விட்டேன். நிற்கவில்லை. மறுபடி போட்டேன். அந்த இடத்தில் அப்படி ஒரு வரியே இல்லை என்பது போல அது தாண்டிப் போனது. பிறகுதான் வரியைக் கண்ணால் படித்தேன். நான் எழுதியதில் இருந்தது, ஓடுகிற ரிலீஸில் உண்மையிலேயே இல்லை.

சோதனைக்கென்று சி-யில் 'அஸர்ட்' என்று ஒன்று உண்டு. 'இது இப்படித்தானே இருக்கிறது, இல்லையென்றால் நில்' என்று நிரலுக்குள் அங்கங்கே எழுதி வைப்போம். எல்லாம் சரியென்று தெரிந்து, சரக்கு வெளியே போகும்போது ஒரு சொடுக்கில் அவை எல்லாம் நிரலிலிருந்து நீங்கிவிடும். நான் நேரத்தைப் புதுப்பிக்கிற வேலையையே ஓர் அஸர்ட்டின் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். வேலையும் நடக்கும், சரியாக நடந்ததா என்ற சோதனையும் நடக்கும், இரண்டு வரி ஒரு வரியாகும். எங்கள் மேஜையில் ஓடிய சோதனை நிரலில் அது பிரமாதமாக வேலை செய்தது. ரிலீஸில் அஸர்ட் போனபோது, வேலையும் கூடவே போனது.

இதைக் கற்றுக்குட்டிகள் செய்வார்கள். அவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். பழைய பரிசீலனைக் குறிப்புகளைத் தேடினேன். சகாயம் என்று ஒரு டெஸ்டர் இருந்தார், அப்புறம் வேலையை விட்டுப் போய்விட்டார். ஐந்து வருடத்துக்கு முன்பு அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார்: 'அஸர்ட்டுக்குள்ள வேலை வைக்காதீங்க தமயந்தி. ரிலீஸ் பில்டுலயும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்.' கீழே என் பதில்: 'அழகா ஒரே வரியா இருக்கு, கண் போடாதீங்க. அடுத்த வெர்ஷன்ல மாத்திடறேன்.' மாற்றவில்லை. அந்தப் பதிலைப் படித்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மற்ற நோயாளிகள் முந்நூற்று நாற்பது பேருக்கும் இது இன்னும் தெரியாது. வீட்டோடு இருக்கிறவர்களுக்கு இரண்டாயிரம் முகம் நிரம்பப் பல வருடம் ஆகும். சென்னியப்பன் கண்டக்டர். ஐந்து வருடத்துக்குள்ளேயே நிரப்பிவிட்டார்.

மேலாளர் ஜெயசீலனுக்குப் போன் செய்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"சரி பண்ணுவோம்," என்றார். "ஆனா அனுமதி வாங்காம தலைக்குள்ள இருக்கறதுல ஒண்ணையும் தொட முடியாது. எட்டு மாசம் ஆகும்."

"டெஸ்ட் பில்டு சரியா இருக்கு சார். அதையாவது அவருக்குப் போட்டுவிடலாமா?"

"உங்களுக்கே தெரியும். அது சின்னத் தப்பு வந்தாலும் அப்படியே நின்னுரும். நடுரோட்டுல நின்னா? வேண்டாம். வக்கீல் லெட்டர் ரெடி பண்ணட்டும். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க."

எட்டு மாதம். புதன்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. கோப்பில் பழனிச்சாமிக்கு அடுத்த பெயர் டாக்டர், அதற்கடுத்து நர்ஸ். அதற்கடுத்து, திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து நான்காம் நாள் ஓடி வந்த தாரணி.

இன்னொரு கொடுமையும் இருந்தது. மறந்துபோனவர் மறுபடி எதிரே வந்து நின்றால், சில்லு அவரைப் புது ஆளாகப் பதிந்துகொள்ளும். அந்தப் புதுப் பதிவுக்கும் ஓர் இடம் வேண்டும். மனைவி திரும்ப வந்தபோது தம்பி போனார். தம்பி வந்தபோது டிரைவர் போனார். போன வாரம் டிரைவர் வந்தபோது டாக்டர் போயிருப்பார். அடுத்தது நர்ஸ். நர்ஸ் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆக, கையில் ஒரே ஓர் இடம் மீதி. அதற்குப் பிறகு எந்தப் புது முகம் வந்தாலும் மகள் போய்விடுவாள். ஆயிரம் பேர் வருகிற மண்டபத்தில் அது ஐந்து நிமிட வேலை.

ஞாயிறு காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சூலூர் போனேன். இது போனில் சொல்கிற விஷயமில்லை என்று நினைத்தேன். தப்பு செய்தவள் முகத்தைக் காட்டாமல் பேசக் கூடாது என்று ஓர் எண்ணம். கோகிலவாணியை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசுவதாகத்தான் திட்டம். ஆனால் கதவைத் திறந்தது சென்னியப்பன். வெள்ளை வேட்டி, காக்கிச் சட்டை போட்டுப் பழகின தோள்.

"யாருங்க, வாங்க. அம்மா கொல்லப்பக்கம் இருக்குது. உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

மனைவியைத்தான் 'அம்மா' என்றார். அவருக்கு அவர் ஐப்பசியிலிருந்து வீட்டில் சமைத்துப் போடுகிற யாரோ ஓர் அம்மா. கையில் ஓர் இடம் இருக்கிறது, அது எனக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தார். என்னை நன்றாகப் பார்த்தார். கோகிலவாணியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"கட்டடம் கட்டறப்ப சாரம் போடுவாங்க இல்லீங்களா," என்றேன். "கட்டி முடிஞ்சதும் பிரிச்சுருவாங்க. நான் ஒரு தூணைக் கட்டடத்துல வெக்காம சாரத்துல வெச்சுட்டேன். சாரத்தைப் பிரிச்சப்ப தூணும் போயிருச்சு. வியாதி இல்லீங்க. தப்பு என்னோடது."

"அப்ப நான் இவரு முன்னால வந்து நின்னதுலதான் கொழுந்தனாரு முகம் போச்சுங்களா?" என்றார் கோகிலவாணி. ஆமாம் என்றேன்.

சென்னியப்பன் நிதானமாகக் கேட்டார். "போன முகத்தத் திருப்பி வாங்க முடியாதுங்களா?"

"முகத்தை மறுபடி கத்துக்குவீங்க. ஆனா சில்லு வெச்ச முதல் மாசத்துல மட்டுந்தான் பழைய ஞாபகமெல்லாம் முகத்தோட ஒட்டும். இப்பப் பதியறது வெறும் பழக்கமாத்தான் இருக்கும். எட்டு மாசத்துல சரி பண்ணிருவோம். அதுக்கப்புறம் எதுவும் போகாது. போனது போனதுதான்."

"அம்மா பேசறப்பக் குரல் கோகிலாவோடதுதான்," என்றார். "மூஞ்சி வேற யாருதோ. டப்பிங் படம் பாக்கற மாதிரி இருக்குது. மனசு ஒப்ப மாட்டேங்குதுங்க." கோகிலவாணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "சரிங்க. பாப்பா மூஞ்சி இன்னும் இருக்குதில்ல?"

"இருக்கு. இனிமே ஒரு புது முகம்கூட நீங்க பாக்கக் கூடாது. பாத்தா அடுத்தது அவங்கதான்."

சென்னியப்பன் எட்டு மாதத்தை விரல்விட்டு எண்ணினார். பிறகு அவரே சொன்னார்.

"அப்ப நான் கல்யாணத்துக்கு வரலீங்க."

"என்ன பேச்சுங்க இது?" என்றார் கோகிலவாணி. "அப்பன் இருக்கறப்பவே அப்பன் இல்லாத கல்யாணமா? சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

"அவளுக்கு ஒரு நாளைக்கு அப்பன் இல்லாட்டிப் போகுது. எனக்குப் பொண்ணு இருக்கோணுமில்ல? எட்டு மாசம் உள்ள ரூம்புல உக்காந்துக்கறேன். சோத்த மட்டும் தள்ளி விடுங்க. பாப்பா மட்டும் தெனம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போகட்டும்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். முடிவெடுத்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. வந்து சொன்னது நல்லதாயிற்று என்று எனக்கும் அப்போது பட்டது.

கேட் சத்தம் கேட்டது. கையில் தையல்கடைப் பைகளோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. வாசலிலேயே செருப்பை உதறினாள்.

சென்னியப்பன் எழுந்து நின்றார். "வாங்க, யாரப் பாக்கோணுங்க?"

அவள் கையிலிருந்த பை நழுவவில்லை, அவள் அழவும் இல்லை. அப்பாவையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அப்பா, நான் தாரணிப்பா," என்றாள். குரல் கேட்டதும் அவர் முகம் மாறியது. ஒரு எட்டு முன்னால் வந்து, அவளை உற்றுப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டார். "உக்காருங்க," என்றார். பெற்ற மகளிடம் 'ங்க' போட்டார்.

பையிலிருந்து ரீடரை எடுத்தேன். சில்லின் பதிவேட்டைப் படிக்கிற கருவி அது. பக்கத்தில் வைத்தால் பத்து வினாடியில் கடைசிப் பதிவுகளைக் காட்டிவிடும். காலையிலிருந்து என் பையிலேயே இருந்தது. பிழை தேடுகிறவளுக்கு முதல் பாடம், ஊகிக்காதே, பார் என்பது. அதையும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கடைசிப் புதுப் பதிவு, காலை 11:20. சின்னப் படமும் இருந்தது. கையில் தண்ணீர்ச் சொம்போடு நான். அதற்கு இடம்விட்டு நீக்கப்பட்ட பதிவின் தேதி, ஐந்து வருடத்துக்கு முன்பு, நான்காம் நாள் மாலை. நர்ஸ் பட்டியலிலேயே இல்லை. "அந்த நர்சம்மா எப்பவும் மாஸ்க் போட்டுத்தானுங்க இருக்கும்," என்றார் கோகிலவாணி, நான் கேட்டபோது. "டாக்டரு மட்டும் கழட்டிப்போட்டுப் பேசுவாரு." முகமே காட்டாதவள் எப்படிப் பதிந்திருப்பாள்?

"யாரப் பாத்ததுல போச்சுங்க?" என்று கோகிலவாணி கேட்டார். பால்காரர் என்று சொல்லியிருக்கலாம். ரீடரில் இருப்பதைப் படிக்க அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"என்னைப் பாத்ததுல," என்றேன்.

தாரணி என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். கத்தவில்லை.

"போன்ல சொல்லியிருக்கலாமேங்க," என்றாள்.

மன்னிப்புக் கேட்கிற அவசரத்தில் அவளிடமிருந்து அவள் அப்பாவைப் பறித்தேன். நான் நேர்மையாக இருக்க ஆசைப்பட்டேன். அதை அவர் முகத்துக்கு எதிரே செய்ய ஆசைப்பட்டேன். வரியை ஒன்றாக்கியபோது இருந்த அதே மிதப்புத்தான் இதுவும்.

மற்ற முந்நூற்று நாற்பது பேருக்கும் அன்றே கடிதம் எழுதினேன். தபாலில்தான். ஒரு வீட்டுக்கும் நேரில் போகவில்லை. திங்கட்கிழமை ஜெயசீலனிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை.

காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இல்லாததால் சென்னியப்பன் கல்யாணத்துக்கு வந்தார். எனக்குப் பத்திரிகை வைக்கச் சொன்னதும் அவர்தானாம். போகாமல் இருந்துவிடலாமென்று பார்த்தேன். கோகிலவாணி போன் செய்து, "அவரு காலையில இருந்து உங்களக் கேக்கறாருங்க, வந்துருங்க," என்றார்.

மண்டப வாசலில் நின்று அவர் ஒவ்வொருவரையும் வரவேற்றார். பாதிப் பேர் அவருடைய பஸ்ஸில் வருகிறவர்கள். 'வாங்க செகண்ட் ட்ரிப்பு', 'வாங்க ஒண்டிப்புதூர்' என்று வாய் நிறையக் கூப்பிட்டார். மாப்பிள்ளையை அவருக்குத் தெரிந்தது. நிச்சயதார்த்தம் ஆவணியிலேயே நடந்துவிட்டது. சொந்தத் தம்பியை மட்டும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கும்பிட்டார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "அடடே, வாங்க தமயந்திம்மா," என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப் போனார்.

தாலி கட்டி முடிந்ததும் போட்டோவுக்கு மேடையேற்றினார்கள். நான் பின்னால் ஒதுங்கினேன். அவர் விடவில்லை. வலப்பக்கம் மணமக்கள், இடப்பக்கம் என்னை நிறுத்திக்கொண்டார். தாரணியின் மாலை சரிந்திருந்தது. அதைச் சரி செய்யக் கையை நீட்டியவர், அறிமுகமில்லாத பெண்ணிடம் உரிமை எடுத்துக்கொள்ளத் தயங்குகிறவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். அவளே சரி செய்துகொண்டாள்.

ஒண்டிப்புதூர் வாத்தியார் பரிசுப் பொட்டலத்தோடு மேடைக்கு வந்தார். என்னைக் காட்டி, "இவங்க யாருங்க கண்டக்டரே, சொந்தமா?" என்று கேட்டார்.

"சொந்தமில்லீங்க வாத்தியாரே," என்றார் சென்னியப்பன். "நம்ம பொண்ணும் இவங்களும் எனக்கு ஒரே நாள்ல பழக்கமானவங்க. அதுலயும் இவங்கள எனக்கு அர மணி நேரம் முன்னாடியே தெரியுங்க."

கண்டக்டர் வழக்கம் போல நக்கல் பேசுகிறார் என்று நினைத்து வாத்தியார் சிரித்தார். போட்டோகிராபர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். தாரணி சிரித்தாள்.